பாளையங்கோட்டையில் விசா ஃபாரம் போடும் ஒரு கடையும், அதன் சுவரில் ஒரு தேதியும்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், கடை நல்ல கடை. பாளையங்கோட்டை தெற்கு பஜாரிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி, ஒரு மாடிப்படிக்குக் கீழே இருக்கிறது. போர்டில் ஜெராக்ஸ், லேமினேஷன், பாஸ்போர்ட், விசா, பிறப்பு இறப்புச் சான்றிதழ், மொழிபெயர்ப்பு என்று வரிசையாக எழுதியிருக்கும். "பேரைப் போட்டுராதீங்க அண்ணாச்சி, கூட்டம் வந்தா ஒழுங்கா பாக்க முடியாது" என்று கடைக்காரத் தம்பி கேட்டுக்கொண்டதால் பெயர் எழுதவில்லை. பஜாரில் அமெரிக்கா ஃபாரம் போடுகிற கடை என்று கேட்டால் காட்டிவிடுவார்கள்.

நான் கூட்டுறவுப் பண்டகசாலையில் 31 வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். அதில் பெரும்பகுதி ரேஷன் கடையில். கார்டில் ஒரு எழுத்து மாறினால் ஒரு குடும்பம் எத்தனை நாள் அலையும் என்று பார்த்துப் பழகிய கண் இது. அந்தக் கண்ணோடுதான் இந்தக் கடையையும் பார்த்தேன்.

எங்கள் மகன் டெக்சஸில், டாலஸ் பக்கம் இருக்கிறான். 2010ல் எச்-1பி என்ற தற்காலிக வேலை விசாவில் போனவன். அவன் வர முடியவில்லை, அதனால் நாங்கள் போய்ப் பார்த்துவிட்டு வரலாம் என்று நானும் என் மனைவியும் சுற்றுலா விசாவுக்கு விண்ணப்பிக்க முடிவு செய்தோம். கூடவே, மகனுடைய பழைய பிறப்புச் சான்றிதழை ஆங்கிலத்தில் பெயர்த்து அனுப்பவும் வேண்டியிருந்தது. 1982ல் கையால் எழுதிக் கொடுத்தது, முழுக்கத் தமிழ், மை பாதி மங்கிவிட்டது.

இதற்கு முன் வேறொரு ஊரில் ஒரு ஏஜென்டிடம் போய்ப் பட்ட பாடு உண்டு. என் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் என்ற இடம் காலி. நம் பக்கம் குடும்பப் பெயர் யாருக்கு இருக்கிறது? அப்பா பெயரின் முதலெழுத்து, அப்புறம் சொந்தப் பெயர், அவ்வளவுதான். அந்த ஏஜென்ட் இனிஷியலை விரித்து என் அப்பா பெயரைக் குடும்பப் பெயராகப் போட்டுவிட்டார். பாஸ்போர்ட்டில் ஒன்று, ஃபாரத்தில் ஒன்று. என் மனைவியின் பிறந்த வருஷமும் தப்பு. 4,000 ரூபாய் வாங்கிக்கொண்டு செய்த வேலை அது.

இந்தக் கடையில் டைப் செய்கிற பெண் பாஸ்போர்ட்டை மேஜை விளக்குக்கு அடியில் விரித்து, மேலே ஓர் இரும்பு ஸ்கேலை வைத்துக்கொள்கிறாள். ஒரு வரி முடிந்தால்தான் ஸ்கேல் கீழே இறங்கும். ஒவ்வொரு எழுத்தாக வாய்விட்டுப் படித்து, "சரியா ஐயா?" என்று கேட்டு, நான் சரி என்ற பிறகுதான் தட்டுகிறாள். குடும்பப் பெயர் கட்டம் வந்ததும் நிறுத்தி விளக்கினாள். அமெரிக்க ஃபாரத்தில் அந்தக் கட்டத்தைக் காலியாக விட முடியாது. பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் இல்லை என்றால் சொந்தப் பெயரையே அங்கே போட வேண்டும். முதற்பெயர் கட்டத்தில் எஃப்என்யு என்று மூன்று எழுத்துப் போட வேண்டும். முதற்பெயர் தெரியாது என்பதற்கு அவர்கள் வைத்திருக்கும் சுருக்கம். இரண்டு ஃபாரம் முடிய மூன்று மணி நேரம் ஆனது. ஒரு நிமிஷமும் வீண் என்று எனக்குத் தோன்றவில்லை.

கட்டணம் ஃபாரத்துக்கு 600 ரூபாய். தூதரகத்துக்கு ஆளுக்கு 185 டாலர், அது தனி, ரசீதை நம் கையிலேயே கொடுத்துவிடுகிறார்கள். மொழிபெயர்ப்பு பக்கத்துக்கு 300. நோட்டரி வைக்க வேண்டுமா என்று கேட்டேன். "வேண்டாம் அண்ணாச்சி. ரெண்டு பாஷையும் எனக்குத் தெரியும், சரியா பெயர்த்திருக்கேன்னு பெயர்த்தவர் கையெழுத்துப் போட்டா அவங்களுக்குப் போதும்" என்றார் தம்பி. இன்னொருவர் என்றால் நோட்டரிக்கும் சேர்த்துக் காசு வாங்கியிருப்பார்.

குறை என்றால், உட்கார இரண்டே நாற்காலி. மதியம் 2 முதல் 4 வரை கடை பூட்டு. அது தெரியாமல் பேட்டையிலிருந்து வந்த ஓர் அம்மா வெயிலில் நின்றதைப் பார்த்தேன். நேரத்தை வெளியே ஒரு அட்டையில் எழுதித் தொங்கவிட்டால் நல்லது.

இப்போது சுவருக்கு வருகிறேன்.

கம்ப்யூட்டருக்கு மேலே, சுவரில், ஒரு தாள் ஒட்டியிருக்கிறது. அமெரிக்க வெளியுறவுத் துறை மாதாமாதம் வெளியிடுகிற விசா புல்லட்டின். அங்கே நிரந்தரமாக இருக்க அனுமதிக்கும் கிரீன் கார்டுக்கு யாருடைய விண்ணப்பம் முறைக்கு வந்திருக்கிறது என்று சொல்லும் அட்டவணை. தம்பி அதை ஒவ்வொரு மாதமும் அச்செடுத்து, இந்தியா என்ற பத்தியைச் சிவப்பு மையில் சுழித்து வைக்கிறார். பாளையங்கோட்டைக் கடைக்கு இது எதற்கு என்று கேட்டேன். "பெத்தவங்கதான் அண்ணாச்சி. மாசம் பதினஞ்சு தேதி தாண்டிட்டா, தம்பி, தேதி நகந்துச்சான்னு கேட்டு வந்துருதாவ" என்றார். நான் இருந்த மூன்று மணி நேரத்தில் இரண்டு பேர் வந்தார்கள். ஒருவர் ஓய்வு பெற்ற கணக்கு வாத்தியார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, சுழித்த இடத்தை விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் போனார்.

நான் பார்த்தது 2025 அக்டோபர் மாதத் தாள். மேற்படிப்பு படித்து வேலைக்கு வருகிறவர்களுக்கான இபி-2 என்ற வகையில் இந்தியாவுக்கு 2013 ஏப்ரல் 1. அதாவது அந்த நாளுக்கு முன் வரிசையில் நின்றவர்களுக்குத்தான் அந்த மாதம் முறை. அதே வரியில் மற்றப் பெரும்பாலான நாடுகளுக்கு 2023 டிசம்பர் 1. என் மகன் வரிசையில் நின்ற தேதி 2015 மார்ச். அவன் கம்பெனி கேட்டு, அரசாங்கம் தகுதி பார்த்து ஒப்புக்கொண்டு, நிரந்தரமாக இருக்கலாம் என்று அடிப்படையில் சம்மதித்த ஆள். எண் மட்டும் வரவில்லை.

மொழிபெயர்ப்புக்குச் சான்றிதழைக் கொடுத்தபோது தம்பி ஒரு கேள்வி கேட்டார். "மருமக எங்க பொறந்தாவ அண்ணாச்சி?"

"அம்பாசமுத்திரம்."

"வெளிநாட்டுல எங்கயும் இல்லையே?"

இல்லை என்றேன். அவர் முகம் வாடிவிட்டது. ஏன் என்று அப்புறம்தான் விளங்கியது. கிரீன் கார்டை நாடு வாரியாகப் பங்கிடும் அமெரிக்கச் சட்டம் ஆள் எந்த நாட்டுக் குடிமகன் என்று பார்ப்பதில்லை, எந்த நாட்டில் பிறந்தார் என்று பார்க்கிறது. கணவன் மனைவியில் ஒருவர் வேறு நாட்டில் பிறந்திருந்தால் குடும்பம் முழுவதையும் அந்த நாட்டுக் கணக்கில் சேர்த்துக்கொள்ளலாம்.

மேலப்பாளையத்தில் எனக்கு ஒரு நண்பர். அவர் குவைத்தில் வேலை பார்த்த காலத்தில் அவர் மகன் அங்கே பிறந்தான். 1990 ஆகஸ்டில் ஈராக் படை குவைத்துக்குள் நுழைந்தபோது எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஊர் திரும்பினார்கள். அந்தப் பையனும் என் மகனும் நாலாம் வகுப்பிலிருந்து ஒரே பெஞ்ச், அப்புறம் ஒரே என்ஜினீயரிங் கல்லூரி. கையில் இருப்பது இந்திய பாஸ்போர்ட். அமெரிக்காவில் அவன் கிரீன் கார்டு விண்ணப்பம் போட்டது 2015 ஆகஸ்டில், என் மகனுக்கு ஐந்து மாதம் பின்னால். 2017ல் கார்டு வந்துவிட்டது, குவைத் கணக்கில். அந்தப் பிள்ளை கார்டு வாங்கியதில் எனக்குச் சந்தோஷம்தான், அவன் கல்யாணத்துக்கு நான்தான் முன்னால் நின்றேன். ஆனால் இரண்டு பேரையும் பிரித்துவைத்தது படிப்பும் இல்லை, வேலையும் இல்லை. பிரசவ வார்டு எந்த ஊரில் இருந்தது என்பது ஒன்றுதான்.

என் வீட்டிலேயே பாருங்கள். அப்பா கொழும்பு புறக்கோட்டையில் கடை வைத்திருந்தார். அக்கா அங்கே பிறந்தவள், நான் இங்கே பிறந்தவன். ஒரே தாய் வயிறு. அமெரிக்கச் சட்டத்துக்கு அவள் இலங்கைக் கணக்கு, நான் இந்தியக் கணக்கு.

கணக்கு எப்படி என்றால் இப்படி. வேலை வழியாக வருகிறவர்களுக்கு ஆண்டுக்கு 1,40,000 கிரீன் கார்டு. 1990 நவம்பரில் போட்ட சட்டம் வைத்த எண், 35 வருஷமாக அதே எண். எந்த ஒரு நாட்டுக்கும் 7 சதவீதத்துக்கு மேல் இல்லை. இபி-2 வகைக்கு வருவது சுமார் 40,000, அதில் ஏழு சதவீதம் 2,800 சொச்சம். மற்ற நாட்டார் எடுத்தது போக மிஞ்சினால் கொஞ்சம் கூடும். 140 கோடி பேர் இருக்கிற இந்தியாவுக்கும், நாலு லட்சம் பேர்கூட இல்லாத ஐஸ்லாந்துக்கும் ஒரே உச்சவரம்பு. அந்த 2,800க்குள் வேலை பார்க்கிறவர் மட்டும் இல்லை, மனைவி பிள்ளைகளையும் தலைக்கு ஒன்றாகக் கழிக்கிறார்கள். என் மகன் குடும்பத்துக்கே மூன்று எண் வேண்டும்.

ரேஷன் கடையில் எங்களுக்கு அரிசி ஒதுக்கீடு வருவது கார்டு எண்ணிக்கையைப் பார்த்து. 1,200 கார்டு இருக்கிற கடைக்கு ஒரு அளவு, 300 கார்டு இருக்கிற கடைக்கு ஒரு அளவு. எல்லாக் கடைக்கும் சமமாக இருபது மூட்டை என்று ஒரு அதிகாரி உத்தரவு போட்டிருந்தால், சின்னக் கடையில் மூட்டை தேங்கும், பெரிய கடையில் மாதக் கடைசிவரை ஜனம் நிற்கும். சமம் என்று காகிதத்தில் இருக்கும். நிற்கிறவர் முகத்தைப் பார்த்து அதைச் சமம் என்று என்னால் சொல்லியிருக்க முடியாது.

இந்தச் சட்டத்தின் வரலாற்றைத் தம்பி கொஞ்சம் சொன்னார், மகன் கொஞ்சம் சொன்னான். 1924ல் அமெரிக்கா நாடு பார்த்து ஒதுக்கீடு வைத்தது. ஐரோப்பாவின் வடக்கு மேற்குக்காரர்களுக்கு அள்ளிக் கொடுத்து, ஆசியர்களை அடியோடு ஒதுக்கிய சட்டம். 1946ல்தான் இந்தியர்களுக்குக் கதவு திறந்தது, அதுவும் வருஷத்துக்கு 100 பேர். 1965 அக்டோபர் 3ஆம் தேதி ஜனாதிபதி லிண்டன் ஜான்சன், சுதந்திர தேவி சிலை நிற்கிற தீவில் உட்கார்ந்து, பிறந்த தேசம் பார்க்கும் அந்தப் பழைய ஒதுக்கீட்டை ஒழிக்கும் சட்டத்தில் கையெழுத்துப் போட்டார். இனம், பால், தேசியம், பிறந்த இடம், வசிக்கும் இடம் பார்த்துக் குடியேற்ற விசாவில் பாகுபாடு காட்டக் கூடாது என்று அமெரிக்கக் குடியேற்றச் சட்டத்தின் 202ஆம் பிரிவு இன்றைக்கும் சொல்கிறது. அதே பிரிவின் அடுத்த உட்பிரிவில்தான் நாட்டுக்கு இவ்வளவு என்ற வரம்பு இருக்கிறது. ஒரு கையால் எழுதியதை மறு கையால் அழித்த மாதிரி. அந்தப் பிரிவின் முதல் வாக்கியத்தை மதித்தாலே போதும், இரண்டாவதைத் திருத்தியாக வேண்டும்.

திருத்தம் வராமலும் இல்லை. வேலை வழி கார்டுகளுக்கு நாட்டு வரம்பை நீக்கும் மசோதா 2019 ஜூலை 10 அன்று அமெரிக்க நாடாளுமன்றத்தின் கீழவையான பிரதிநிதிகள் சபையில் 365க்கு 65 என்ற கணக்கில் நிறைவேறியது. இரண்டு கட்சியும் சேர்ந்து போட்ட ஓட்டு. 2020 டிசம்பர் 2ல் மேலவையான செனட்டும் வேறு வடிவில் ஒரு மசோதாவை நிறைவேற்றியது. இரண்டு வடிவத்தையும் ஒன்றாக்குவதற்குள் அந்த நாடாளுமன்றத்தின் காலம் முடிந்து, எல்லாம் காலாவதி. அந்த வாரம் மகன் தினமும் போன் பண்ணினான். அதற்குப் பிறகு அதைப் பற்றி அவன் பேசுவதே இல்லை.

2022ஐயும் சொல்ல வேண்டும். கொரோனாவில் குடும்ப வழி விசாக்கள் ஏராளமாக மீந்துபோய், சட்டப்படி அவை வேலை வழிக் கணக்குக்கு வந்தன. 1,40,000 இருந்த இடத்தில் 2,80,000க்கு மேல். தேதி ஓடியது. 2022 ஆகஸ்ட் தாளில் இந்தியாவுக்கு 2014 டிசம்பர் 1. இன்னும் மூன்று நாலு மாதம் நகர்ந்தால் என் மகன். என் மனைவி நெல்லையப்பர் கோயிலில் அர்ச்சனைக்குச் சீட்டுகூட வாங்கினாள். அக்டோபர் தாளில் தேதி 2012 ஏப்ரலுக்குப் பின்வாங்கிவிட்டது. எண் இருந்தால் வரிசை நகரும் என்பதற்கு அந்த ஒரு வருஷமே சாட்சி. ஆள் தகுதி கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

இந்த வரிசையால் அடிபடுவது என் பேத்தி. நம் பக்கம் தலைப்பிரசவம் தாய்வீட்டில்தான். மருமகளை ஏழாம் மாதம் வளைகாப்பு முடிந்து அம்பாசமுத்திரத்துக்கு அழைத்துப் போனார்கள். 2009ல் பேத்தி பாளையங்கோட்டை ஹைகிரவுண்டில் ஓர் ஆஸ்பத்திரியில் பிறந்தாள். ஒரு வயதில் அமெரிக்கா போனாள். அவள் தம்பி 2013ல் அங்கேயே பிறந்தவன், அமெரிக்கக் குடிமகன். ஒரே வீட்டில், ஒரே மேஜையில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதுகிற அக்காவும் தம்பியும். அக்கா அப்பாவின் விசாவில் தொங்கிக்கொண்டிருக்கிறாள். 2030ல் அவளுக்கு 21 முடியும்போது அப்பாவின் தேதி வந்திருக்காவிட்டால் அந்த விசா அவளுக்கு இல்லை. மாணவர் விசாவுக்கு மாற வேண்டும், இல்லையென்றால் கிளம்ப வேண்டும். கூடப் படிக்கிற பிள்ளைகள் சனி ஞாயிறு ஐஸ்கிரீம் கடையில் வேலை பார்க்கிறார்கள். இவளுக்கு அந்த அனுமதியும் கிடையாது. "நான் பிறந்த ஆஸ்பத்திரியின் போட்டோ அனுப்புங்க தாத்தா" என்று போன மாதம் கேட்டாள். போய் எடுத்து அனுப்பினேன். எதற்கு என்று கேட்க எனக்கு மனசு வரவில்லை.

மகன் ஏன் வர முடியவில்லை என்று சொல்லாமல் விட்டேன். அவன் விசா முத்திரை காலாவதியாகிவிட்டது. அங்கே இருக்கத் தடை இல்லை, வெளியே வந்தால் புது முத்திரை குத்தாமல் திரும்ப முடியாது. 2021 மே மாதம் என் அம்மா 88 வயதில் போய்ச் சேர்ந்தார்கள். கொரோனா இரண்டாம் அலை நேரம், தூதரகத்தில் வழக்கமான விசா வேலைகளை நிறுத்தியிருந்தார்கள். வந்திருந்தால் எப்போது திரும்புவான் என்று யாருக்கும் தெரியாது. வேலை போனால் மொத்தக் குடும்பத்தின் விசாவும் போகும். பேரன் நெய்ப்பந்தம் பிடிக்க வேண்டும் என்பது என் அம்மா உயிரோடு இருக்கும்போதே பலமுறை சொன்ன ஆசை. பக்கத்து வீட்டுப் பையன் பிடித்தான். வீடியோவில் என் மகன் பார்த்துக்கொண்டிருந்தான்.

கடையில் என்னோடு பேசிக்கொண்டிருந்த ஒரு பேராசிரியர் ஒரு நியாயம் கேட்டார். "வரம்பை எடுத்துட்டா பல வருஷத்துக்கு இந்தியாவும் சீனாவுமே வாங்கிரும். நேப்பாளத்து நர்ஸ் எங்க போவா?" கேட்க வேண்டிய கேள்வி. வெறும் வரம்பை மட்டும் எடுத்தால் வலி இடம் மாறும், அவ்வளவுதான். அதனால்தான் நான் இரண்டையும் சேர்த்துக் கேட்கிறேன். மனைவி பிள்ளைகளைக் கணக்கிலிருந்து எடுத்துவிட்டு, வேலை பார்க்கிறவரை மட்டும் எண்ணினால், 1,40,000 என்ற அதே எண் ஏறக்குறைய இரண்டு மடங்கு ஆளுக்குப் பயன்படும். அதோடு 1990ல் வைத்த எண்ணையும் இன்றைய அளவுக்கு உயர்த்தட்டும். அப்போது நேப்பாளத்து நர்ஸும் பின்னால் தள்ளப்பட மாட்டாள். பிள்ளைகளின் வயதை, அப்பா வரிசையில் நின்ற நாளோடு நிறுத்தி வைக்கட்டும். வரிசை அரசாங்கம் வைத்தது, அதில் கழிந்த வருஷங்களுக்குப் பிள்ளை பொறுப்பாக முடியாது. அமெரிக்கர் வேலை போய்விடும் என்று சொல்கிறவர்களுக்கும் ஒன்று சொல்ல இருக்கிறது. இவர்கள் ஏற்கெனவே அங்கே வேலை பார்த்து வரி கட்டுகிறவர்கள். கார்டு கொடுத்தால் புதிதாக ஓர் ஆள் வரப்போவதில்லை. இருக்கிற ஆள் முதலாளியைக் கண்டு பயப்படாமல் வேறு வேலை தேடலாம், சம்பளம் கேட்கலாம். அது பக்கத்து நாற்காலியில் இருக்கிற அமெரிக்கருக்கும் நல்லதுதான்.

கடைக்கு ஐந்துக்கு ஐந்து கொடுக்கிறேன். அதற்கு முக்கியக் காரணம் ஸ்கேல் வைத்துப் படித்த அந்தப் பெண் மட்டும் இல்லை. சில மாதம் முன்பு ஒருவர் போனில் கூப்பிட்டு, ஒன்றரை லட்சம் கொடுத்தால் மகன் பெயரை வரிசையில் முன்னால் நகர்த்தித் தருகிறேன் என்றார். நானும் மனைவியும் இரண்டு நாள் அதையே பேசிக்கொண்டிருந்தோம். தம்பியிடம் கேட்டேன். "அப்படி ஒரு வழியே கிடையாது அண்ணாச்சி. சட்டம் மாறணும், இல்லைன்னா தேதி வரணும். பணத்தைக் கொடுத்துராதீங்க" என்றார். எங்கள் ஒன்றரை லட்சத்தைக் காப்பாற்றியதற்கு அவர் ஒரு பைசா வாங்கவில்லை.

உங்கள் பிள்ளைகள் யாராவது அங்கே குடியுரிமை வாங்கி ஓட்டுப் போடுகிறவர்கள் என்றால், அவர்கள் தொகுதி உறுப்பினருக்கு இதைப் பற்றி ஒரு கடிதம் எழுதச் சொல்லுங்கள். வரிசையில் நிற்கிறவனுக்கு அங்கே ஓட்டு இல்லை.

எங்களுக்கு சென்னையில் நேர்காணல் மார்ச் மாதம். நெல்லை எக்ஸ்பிரஸில் டிக்கெட் போட வேண்டும். கடை காலை 10 மணிக்குத் திறக்கும், ஞாயிறு விடுமுறை. பழைய பிறப்புச் சான்றிதழ் வைத்திருப்பவர்கள் லேமினேஷன் செய்யாமல் அப்படியே கொண்டுபோங்கள். பிளாஸ்டிக் ஒட்டினால் பின்பக்க முத்திரையைப் படிக்க முடிவதில்லை என்று தம்பி சொல்கிறார்.